குண்டூசிகள் திரும்பிய பக்கம்

மார்பகப் புற்றுக்காகத் தையல்காரியின் உடம்பில் ஏற்றிய நானோ இரும்புத் துகள்கள் எப்போதோ வெளியேறிவிட்டதாக டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் மேஜையில் கொட்டும் குண்டூசிகள் அத்தனையும் அவளுடைய இடது மார்பைப் பார்த்தே திரும்பிப் படுத்தன.

"கடையை மூடிடலாமே" என்று கணவர் கெஞ்சினார்.

"ஊசிக்குப் பயந்தா எப்படித் தைக்கிறது?" என்று அவள் மிஷினை மிதித்தாள்.

இன்று சட்டைக்கு அளவு கொடுக்க அக்கா வந்து நின்றாள். ஊசிகள் தையல்காரியை விட்டுவிட்டு, மெதுவாக அக்காவின் பக்கம் திரும்பின.

தையல்காரி கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவிப் போட்டாள். "செருப்பை மாட்டுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எனக்கு ஒண்ணும் இல்லடி."

"எனக்கும் ஒண்ணும் இல்லாமத்தான் இருந்துச்சு."

அக்காவின் முகம் வெளுத்தது. தையல்காரி அவள் மார்புக்கு நேராக விரலை நீட்டி, உள்ளே இருப்பதிடம் பேசினாள். "என்கிட்டயே உன் பாச்சா பலிக்கல. எங்கக்காகிட்ட வாலாட்டுறியா?"

வெளியே வந்து கதவைப் பூட்டினாள். உள்பக்கம், தூறல் விழுவதுபோல, ஊசிகள் ஒவ்வொன்றாகக் கதவில் வந்து மோதின.

தையல்காரி பூட்டைத் திறந்தாள். "சரி, நீங்களும் வாங்க. டாக்டர் நம்பணும்ல" என்று காலி டப்பாவை நீட்டினாள்.