சொன்னதும் பார்த்ததும்

மனநல ஆஸ்பத்திரியில் ஆய்வாளர் அம்மா வார்த்தைப் பட்டியலை வாசித்து முடித்ததும், அக்கா அத்தனை வார்த்தைகளையும் ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னாள். திரை, ஆறு, தொப்பி, மேளம் என்று வரிசைகூட மாறவில்லை.

தம்பிக்கு நாலைந்துக்கு மேல் தேறவில்லை. அதிலும் ஒன்று அந்த அம்மா சொல்லாதது.

அடுத்து ஒரு கோணல்மாணலான படத்தைக் காட்டி, மூடிவிட்டு, வரையச் சொன்னார். தம்பி அச்சு அசலாக வரைந்து வைத்தான். அக்கா வரைந்தது காலால் மிதித்த டப்பா மாதிரி இருந்தது.

ஆய்வாளர் சிரித்துவிட்டார். "உங்க வியாதி இருக்கிறவங்கள்ல பொம்பளைங்களுக்குக் காதுல விழுந்ததும் ஆம்பளைங்களுக்குக் கண்ணுல பட்டதும் கூடுதலா நிக்குதான்னு பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சியே. எல்லாருக்கும் அப்படியான்னு இன்னும் தெரியாது. உங்க ரெண்டு பேருக்கும் அப்படித்தான் போல."

அக்கா தலையாட்டினாள். இதைச் சொல்ல ஆராய்ச்சி எதற்கு என்று தோன்றியது. அவள் போனில் புகார் கேட்கும் வேலையில் இருப்பவள். போன மாதம் திட்டியவன் எந்த வார்த்தையில் ஆரம்பித்தான் என்று இன்றைக்கும் சொல்வாள். தினம் போகும் அலுவலகத்தில் கழிவறைக்குப் போய்விட்டுத் திரும்ப மட்டும் வழி தவறும்.

தம்பி வயரிங் வேலை பார்ப்பவன். ஒருமுறை பார்த்த வீட்டில் எந்தச் சுவருக்குள் எந்த வயர் ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவான். வீட்டுக்காரர் பெயர் கேட்டால் முழிப்பான்.

சொத்துக்காக வெட்டிக்கொள்ளும் அக்கா தம்பிகள் உண்டு. இவர்களுக்கு வந்த ஒரே குடும்பச் சொத்து இந்த வியாதிதான். சண்டை சச்சரவு இல்லாமல் சரிபாதியாக வந்தது. மனசு ஏறினால் வீடு கொள்ளாது. இறங்கினால் கட்டிலை விட்டு எழ முடியாது.

இப்போது இரண்டும் இல்லை. மாத்திரை எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வைத்திருந்தது. அக்காவுக்குக் கல்யாண வீடும் ஒன்றுதான், சாவு வீடும் ஒன்றுதான்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, அன்னைக்கு நான் அப்பாகிட்ட என்ன சொன்னேன்?"

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. அவர்களுக்கு 'அன்னைக்கு' என்றால் ஒரே நாள்தான்.

"எனக்குப் படம் மட்டும்தான் ஓடுது. அப்பா செருப்பு மாட்டுறாரு. குடைய எடுக்குறாரு. நான் வாயத் தொறந்து கத்துறேன். சத்தம் மட்டும் வரமாட்டேங்குது."

அன்று இருவருக்கும் ஒரே சமயத்தில் ஏறியிருந்தது. வீட்டில் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. அம்மா போன பிறகு இரண்டு பேரையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்த அப்பா, கொட்டும் மழையில் மருந்துக்கடைக்குக் கிளம்பினார்.

திரும்பி வந்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டிப் பார்த்துவிட்டு, நனைந்த உடம்போடு மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

யார் தாழ் போட்டது என்று சித்தப்பா கேட்டபோது "நான்தான்" என்றான் தம்பி. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏறினால் கை நீட்டுகிறவன் அவன்தானே. அவள் பாவம், ஓயாமல் பேசுவாள், அவ்வளவுதான். சொந்தபந்தம் அன்றோடு அவனைக் கைகழுவியது. அத்தை மகள் கல்யாணத்துக்குக்கூட அக்காவுக்கு மட்டும்தான் அழைப்பு.

அவன் கத்தியது அவளுக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருந்தது. 'நீ ஒழிஞ்சாத்தான்யா எங்களுக்கு விடிவுகாலம்.'

"மழையா இருக்கு, பார்த்துப் போங்கப்பான்னு சொன்னே" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் தோள் கொஞ்சம் இறங்கியது.

பொய் சொன்னதில் அவளுக்கு வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை. பதிலுக்கு ஏதாவது கேட்க வேண்டும் போல் மட்டும் இருந்தது. அந்த நாளில் அவளுக்கு மிஞ்சியது பேச்சு மட்டும்தான். யார் எங்கே நின்றார்கள், யார் கை எதில் இருந்தது, ஒன்றும் கண்ணில் இல்லை.

"அந்தத் தாழ்ப்பாளை ஏன்டா போட்டே?"

கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது. "கிறுக்குப் பிடிச்சிருந்துச்சுக்கா. போட்டுட்டேன்."

சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. எழுந்துகொண்டான். அவளும் எழுந்து எதிர்ப்பக்கம் நடந்தாள். முழங்கையைப் பிடித்துத் திருப்பினான். "இந்தப் பக்கம்க்கா."

படி இறங்கும்போது அப்பாவின் குரல் கேட்டது. புதிதாக ஒன்றும் இல்லை. கதவோரச் சன்னல் வழியாக அன்று அவர் சொன்னதுதான். அதையும் எழுத்துப் பிசகாமல்தான் வைத்திருந்தாள். இத்தனை வருஷமாக அது வெறும் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

'மாத்திரை வாங்கிட்டு வந்துட்டேன். தாழ்ப்பாள்லேருந்து கைய எடும்மா.'

அப்பா தம்பியை ஒருநாளும் 'டா' போடாமல் பேசியதில்லை.

இரண்டு படி முன்னால் அவன் இறங்கிக்கொண்டிருந்தான்.