யார் முதலில் சொல்வது?

“எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கறீங்க?”

சோப்புக்கும் மசியாத கிரீஸ் கறை படிந்த விரலை நீட்டி, அப்பா அதிகாரியைப் போல அதட்டினார். கல்லூரியை முடித்த கையோடு சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மகள் திருதிருவென்று விழித்தாள்.

“நீங்க பார்த்துக் குடுங்க சார்.”

“போச்சு! ஆடு தானா நடந்து போய்க் கசாப்புக் கடை வாசல்ல நிக்குது!” அப்பா தலையில் அடித்துக்கொண்டார். “தொகையை முதல்ல சொன்னவன் தோத்தான்டி. ‘இந்த வேலைக்கு நீங்க எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க’ன்னு கேள்வியை அவங்க பக்கமே திருப்பிடு. எங்கே, சொல்லு.”

பாதி சொல்வதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காம சொல்லணும். நாளைக்கு மறுபடி பார்ப்போம்” என்று படுக்கப் போனவர், காலையில் எழுந்திருக்கவில்லை.

அழுது தீர்ப்பதற்குள் அவள் இந்த அறைக்கு வந்து உட்கார வேண்டியதாகிவிட்டது. நேர்காணலுக்கென்று அப்பா வாங்கிக் கொடுத்த அதே உடுப்பு. நாற்காலி உயரமாக இருந்தது. கால்விரல் மட்டும்தான் தரையில் பட்டது.

கீழே, ஆள் இல்லாமல் இயந்திரங்கள் மூச்சடங்கி நின்றன.

எதிரே இருந்தவருக்கு அப்பாவின் வயது இருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “நாற்காலியைக் கொஞ்சம் இறக்கிக்கலாமேம்மா. பக்கத்துல பிடி இருக்கும் பாருங்க.”

“இல்லைங்க. இப்படியே இருக்கட்டும்.”

வேலை, நேரம், விடுமுறை எல்லாம் பேசியாகிவிட்டது. மிச்சம் ஒன்றுதான். இவர் தலையாட்டினால் வீட்டில் உலை கொதிக்கும். இல்லாவிட்டால் இன்றைக்கு அம்மா முகத்தையும் தம்பி முகத்தையும் எப்படிப் பார்ப்பது? கூட்டிச் சொன்னாலும் வம்பு, குறைத்துச் சொன்னாலும் வம்பு.

“அப்புறம், சம்பளம்...” என்று அவர் இழுத்தார். “எவ்வளவுன்னு நீங்களே சொல்லிடுங்கம்மா.”

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மனப்பாடம் செய்தது தானாக வாயில் வந்து விழுந்தது.

“இந்த வேலைக்கு நீங்க எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க?”

இந்தத் தடவை சிரிக்காமல் சொல்லிவிட்டாள்.

அவர் திகைத்துப்போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, குழந்தையிடம் பேசுவதுபோல் மெல்லச் சொன்னார்:

“அதை நான்ல கேக்கணும்? வேலை கேட்டு வந்தவன் நான். நீங்க உக்காந்திருக்கறது உங்கப்பா நாற்காலிம்மா.”