பாத்தித் தண்ணீரில் தெரிந்தது

வேலைக்குக் கிளம்பும்முன் என் கணவர் கடைசியாகச் செய்தது, என் செருப்பின் அறுந்த வாருக்கு ஊக்குக் குத்திக் கொடுத்ததுதான். அன்று உச்சிவெயிலில், உப்பளத்தில் நின்றிருந்தவரை வெள்ளித் தாம்பாளம் மாதிரி ஒன்று வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாக, உடன் உப்பு வாரிய நான்கு பேர் சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டர் வரப்பில் நின்றபடியே விசாரித்தார். அந்த நேரத்தில் உப்பளத்தில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவு கண் கூசும். நான்கு பேரும் பாத்தித் தண்ணீரில் விழுந்த நிழலைத்தான் பார்த்திருந்தார்கள். அதில் அவர் தலைகீழாக, சின்னதாகிக்கொண்டே, ஆழத்துக்குப் போனாராம்.

"அப்ப கீழதான போயிருக்காரு? முங்கிட்டாருன்னு எழுதிருவோம்."

"குளத்துல பருந்து பாத்ததில்லையா சார்? அது மேல ஏற ஏற, தண்ணிக்குள்ள கீழதான் போவும்" என்றாள் பேச்சித்தாய். மற்ற மூவரும் சிரித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பதினைந்தாம் நாள் கொழுந்தன் வந்தார்.

"கருமாதியை முடிச்சிருவோம் மைனி. ஊரே சிரிக்குது."

"உங்க அண்ணன் மேல போனாரா, கீழ போனாரான்னு மொதல்ல தெரியட்டும்."

"எங்க போனாலும் போனதுதான மைனி?"

மறுநாள் அந்தப் பாத்தியில் போய் இறங்கி நின்றேன். இப்போது ஒன்பது வருடமாகிறது. ஒவ்வொரு பருவத்திலும் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டதும் ஒருமுறை போய் இறங்குகிறேன். தண்ணீர் என் கணுக்காலைத் தாண்டியதே இல்லை.