ஹோர்ன் அடித்தது உண்மை

கிண்ணியாத் துறையடியில், ஆளையும் வண்டியையும் அக்கரைப்படுத்தும் மிதவையான பாதை வந்து அணைந்ததும் ஹெக்டர் இறங்கினார். கருவாடு வாங்க வந்த வியாபாரி என்று சொல்லிக்கொண்டு, தாஹிரின் தேத்தண்ணிக் கடையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மினுக்கிய சப்பாத்தோடு கருவாடு வாங்க வந்தவரைத் தாஹிர் அதுவரை கண்டதில்லை. ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. சீனி கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுத்தார்.

உண்மையில் ஹெக்டர் கொழும்பு இன்சூரன்ஸ் கம்பனி ஒன்றின் ஆள். பொய்க் காயக்காரரைப் பிடிப்பதுதான் வேலை. நொண்டிகளை ஓட வைத்திருக்கிறார். குருடர்களைப் பேப்பர் வாசிக்க வைத்திருக்கிறார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருடம் அந்தக் கம்பனியில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கடைக்கு முன்னால் மணலில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் ஆதம்பாவா. போன வருடம் இதே துறையடிச் சந்தியில் கலீலுர் றஹ்மானின் லொறி அவரை இடித்தது. கால் முறிந்து கோணலாகப் பொருந்தியது. காலுக்கு நட்டஈடு கட்டக் கம்பனி சம்மதித்துவிட்டது. ஆனால் இடித்த இடியில் இரண்டு காதும் போய்விட்டதென்றும் ஆதம்பாவா வழக்குப் போட்டிருந்தார். காதுக்குக் கேட்டது பெரிய தொகை.

வழக்கு றஹ்மானின் பெயரில். ஆனால் வாதாடுவது கம்பனி, தோற்றால் கட்டுவதும் கம்பனி. பதிலுக்கு றஹ்மான் செய்யவேண்டியது ஒன்றுதான். விபத்தைப் பற்றி எவரிடமும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் கம்பனி கையைக் கழுவிவிடும், அவர் லொறியை விற்றுத்தான் கட்டவேண்டி வரும். றஹ்மான் சொன்ன சொல் தட்டாத மனிதர். அன்றிலிருந்து பள்ளிவாசலில் ஆதம்பாவா எதிரே வந்தாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனார்.

ஹெக்டர் அந்தக் காதுகளை நம்பவில்லை. காரணம் லொறிச் சாரதி ஆனந்தராசா.

"ஹோர்ன் அடிச்சனான் சேர். அக்கரைக்கும் கேட்டிருக்கும். மனுசன் திரும்பியும் பாக்கேல்ல," என்று அவன் சத்தியம் பண்ணியிருந்தான்.

ஹோர்ன் கேட்டும் விலகாதவன் வேண்டுமென்றே விழுந்தவன். இதுதான் ஹெக்டரின் கணக்கு. நடிப்பு என்று காட்டிவிட்டால் ஆதம்பாவா மறியலில் கம்பி எண்ணவேண்டும். காட்ட முடியாவிட்டால் அவர் மனைவி பல்கீஸுக்கு ஓடு போட்ட வீடு.

துறையடியில் நின்றவர்களை ஹெக்டர் ஒவ்வொருவராக விசாரித்தார். எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். அவருக்குக் காது கேக்காது சேர். பாதை தள்ளுகிறவர் சொன்னார். மீன் கூறு போடுகிறவர் சொன்னார். ஊரே பாடமாக்கி வைத்திருக்கிறது என்று ஹெக்டர் முடிவு செய்தார்.

"பல்கீஸ் ஏசுறது முழு ஊருக்கும் கேக்குது. அவருக்கு மட்டும் கேக்காது," என்றார் தாஹிர்.

"அதுக்குக் காது போகத் தேவையில்ல. நானும் கலியாணம் கட்டினவன்தான்," என்றார் ஹெக்டர்.

பிறகு அவர் தன் வேலையைத் தொடங்கினார். ஆதம்பாவாவின் பின்னால் போய் சைக்கிள் மணி அடித்தார். வலை பற்றி எரிகிறது என்று சத்தம் போட்டார். பாம்பு என்றும் சொல்லிப் பார்த்தார். இரண்டு பேர் ஓடிப்போய்க் கதிரையில் ஏறினார்கள், அதில் ஒருவர் தாஹிர். ஆதம்பாவா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

கடைசியில், வயலில் பன்றி விரட்டத் தாஹிர் வைத்திருந்த வெடி ஒன்றை வாங்கி, ஆதம்பாவாவின் முதுகுக்குப் பின்னால் கொளுத்திவிட்டு ஹெக்டர் ஒதுங்கி நின்றார்.

காகங்கள் எழும்பின. தேத்தண்ணி கொட்டியது. பாதையில் கட்டியிருந்த ஆட்டுக்கடா கயிற்றை அறுத்துக்கொண்டு கடலில் பாய்ந்தது. ஆதம்பாவா வலையின் அடுத்த கண்ணைப் பின்னினார்.

கொஞ்சம் பொறுத்துப் புகை அவர் பக்கம் போனது. மூக்கை உறிஞ்சினார். மெல்லத் தலையை நிமிர்த்தினார். பின்னால் திரும்பவில்லை. கடலைத்தான் பார்த்தார், பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

ஹெக்டருக்கு அது போதும். ஆள் உண்மையிலேயே செவிடு, நடிப்பில்லை என்று கொழும்புக்கு எழுதினார். அவர் எழுதினால் கம்பனி மறுபேச்சுப் பேசாது. காலுக்கும் காதுக்கும் சேர்த்து வழக்கைச் சமாதானமாக முடித்தார்கள். காசோலையை ஹெக்டரே கொண்டுவந்து பல்கீஸின் கையில் கொடுத்தார். அவள் அழுதாள். ஹெக்டருக்கு ஓர் அப்பாவியைச் சந்தேகித்துவிட்டோமே என்றிருந்தது.

திரும்பும் பாதைக்குக் காத்திருந்தபோது தாஹிரின் கடையில் றஹ்மானைக் கண்டார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு புத்தி சொன்னார்.

"முதலாளி, அந்த ஆனந்தராசாவை முதல்ல நிப்பாட்டுங்கோ. ஹோர்ன் அடிக்காம அடிச்சனான் எண்டு எனக்கே பொய் சொல்லியிருக்கிறான்."

றஹ்மான் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"வழக்கு முடிஞ்சுது. காசும் குடுத்தாச்சு. இனி நீங்கள் தாராளமாக் கதைக்கலாம்," என்றார் ஹெக்டர்.

"கம்பனி ஒண்டும் சொல்லாதே?"

"சொல்லாது."

"எழுதித் தந்தது தந்ததுதானே? திருப்பி எடுக்க ஏலாதே?"

"ஏலாது. கோட்டிலயும் பதிஞ்சாச்சு."

றஹ்மான் ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

"அப்ப அந்தப் பொடியனில பழி போடாதீங்க சேர். அவன் ஹோர்ன் அடிச்சது உண்மை."

"அப்ப ஆதம்பாவா ஏன் விலகேல்ல?"

"அவருக்கு எப்பிடிச் சேர் கேக்கும்? உலகச் சண்டைக் காலத்தில கடலுக்குள்ள வெடி போட்டு மீன் புடிக்கப் போய், அண்டைக்கே ரெண்டு காதும் போன மனுசன்."