கொழும்புக்காரி

பதுளையில் லுணுகலை பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் விஜிதாவின் போன் ஓயவில்லை. கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டுக்கொண்டு எடுத்தாள். கொழும்பில் அவளோடு ஒரே அறையில் இருக்கும் ஹனா.

"எங்கடி ஈக்கிற? நாளைக்கி றுமைஸாட பர்த்டே. ஒன்னத்தான் எல்லாரும் கேக்குற!"

"தெரியும்டி. பாக்குறேன்." வைத்துவிட்டாள்.

பக்கத்து சீட்டில் இருந்த வயதான அம்மா ஒருத்தி முழங்காலைத் தடவிக்கொண்டே அவளை உற்றுப் பார்த்தாள். "அடி ஆத்தி! நம்ம விஜிதாவா? சினிமாக்காரி மாதிரில்ல இருக்க!"

கருப்பம்மா. விஜிதாவின் தேயிலைத் தோட்டத்திலேயே லயத்து வீட்டில் இருப்பவள். ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிறாள்.

"நல்லா இருக்கீங்களாம்மா? மக சிவசக்தி எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன. நீ விட்டுட்டுப் போன வேலையத்தான பாக்குறா. மாசம் பொறந்தா சம்பளம். அது இருக்கப் போயித்தான் இந்த முழங்கால வச்சிக்கிட்டு நான் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாம இருக்கேன். ஒனக்குப் புண்ணியமா போகும்."

விஜிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வேலை, பிள்ளைக்காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. போன வருடம் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தபோது, பெரிய கிளாக்கர் செல்வரத்தினம் இரண்டு தடவை யோசிக்கச் சொன்னார். "தொட்டில ஆட்டிக்கிட்டே கெழவியாயிருவேன் ஐயா" என்று சிரித்துவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

கொழும்பு அவளை ஏமாற்றவில்லை. பகலில் வெள்ளவத்தைத் துணிக்கடை. கடை மூடினால் காலிமுகத்திடல், யாருக்காவது பிறந்தநாள், இல்லாவிட்டால் படம். ஒரு விருந்தில் தட்டைக் கையில் வாங்கும்போதே அடுத்த இடத்துக்கு ஆட்டோ வந்துவிட்டதா என்று கேட்பார்கள். எல்லாம் அன்றன்றே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறும்.

மாதங்கள் போகப் போக எங்கே உட்கார்ந்தாலும் இருப்புக்கொள்ளவில்லை. ஏன் என்று அவளுக்கே புரியவில்லை.

போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் யாருடைய குழந்தையோ வீறிட்டு அழுதது. விஜிதா வாங்கித் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். பாட்டு அலறிக்கொண்டிருந்த அந்த மண்டபத்தில் அது அப்படியே தூங்கிப்போனது. "குடுங்க, உங்கட சாரி கசங்கிடும்" என்று தாய் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் கையை எங்கே வைப்பதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். போய்ச் சிரித்தாள்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிவசக்தி எழுதியிருந்தாள். "ஒங்க ரூம்ல இன்னொரு ஆளுக்கு எடம் இருக்காக்கா?" லீவுக்குச் சுற்றிப்பார்க்க வரப்போகிறாள் என்று நினைத்து, "ஒனக்கு இல்லாத எடமா? வா" என்று பதில் போட்டாள்.

தோட்டத்து ஆபிஸ் வாசலில் இறங்கினாள். சிவசக்தியின் வேலையைக் கேட்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள்.

"இரும் பிள்ளை. கொழும்பு என்ன சொல்லுது?" என்றார் செல்வரத்தினம்.

"ஐயா, எனக்குத் திரும்ப ஒரு வேலை வேணும். எந்த டிவிசனா இருந்தாலும் சரி. எவ்வளவு தூரமா இருந்தாலும் நடந்து வருவேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். எழுந்து மேனேஜர் துரையின் அறைக்குள் போனார். அவர் திரும்பி வருவதற்குள் அவள் நான்கு தடவை எழுந்து உட்கார்ந்தாள்.

"நல்ல நேரத்திலதான் வந்திருக்கிறீர். ஒரு இடம் இருக்கு. திங்கக்கிழமை வந்து வேலையில நில்லும்."

எந்த இடம் என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே ஓடினாள். போன் மறுபடி அலறியது. அதை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, குறுக்குப் பாதையில் ஏறிப் பிள்ளைக்காம்பராவுக்கு விரைந்தாள். இந்தச் சந்தோஷத்தை முதலில் சிவசக்தியிடம்தான் சொல்ல வேண்டும்.

வாசலிலேயே பால் மணம் வந்தது. உள்ளே தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு குழந்தை கைதட்டிச் சிரித்தது. விஜிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து மாதமாக அலைந்த மனம் அப்போதுதான் ஓரிடத்தில் நின்றது.

சிவசக்தி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். இடுப்புவரை இருந்த கூந்தலைத் தோளோடு வெட்டியிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"சிவசக்தி, ஒரு சந்தோஷமான விசயம்..."

"சொல்லவே வேணாம்க்கா, எனக்குத் தெரியும்!" அவள் விஜிதாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். "என்னயக் கூட்டிட்டுப் போகத்தான வந்திருக்கீங்க? காலையிலயே வேலைய விடுறதா எழுதிக் குடுத்துட்டேன்!"