உள்ளங்கால்

நூர் கட்டையைத் தொடவே மாட்டேன் என்றாள்.

ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு சிவப்புக் கட்டைகளை அடுக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் டப்பா, செருப்பு, ரிமோட் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அடுக்குகிறவள், இங்கே வந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

குரோம்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் முதாசிருக்கு நாக்கு துடித்தது. ஆனால் பெற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, சைகையும் காட்டக் கூடாது என்று டாக்டர் ஸ்நேகா முதலிலேயே சொல்லிவிட்டார்.

குறைமாதத்தில் பிறந்து மூச்சுக்குத் திணறிய குழந்தைகளின் மூளை எப்படி வளர்கிறது என்று அந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடக்கிறது. நூர் இருபத்தேழாவது வாரத்தில் பிறந்தவள். அன்றைக்கு எடை தொள்ளாயிரம் கிராம். இன்றைக்கு இரண்டரை வயதில் பரீட்சை.

பரீட்சை அவளுக்கு. பயம் என்னவோ அவனுக்கு. மகளுக்கு மூளையில் ஒரு குறையும் இல்லை என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்.

போதாக்குறைக்கு அந்தத் தூக்கக் கேள்வி வேறு. ராத்திரியில் நாலைந்து தடவை விழித்துக்கொள்கிறாள் என்று அவன் மனைவி ஷாயிஸ்தா பாரத்தில் எழுதியிருந்தாள். டாக்டர் அதன் கீழ் கோடு போட்டு, ஏன் என்று இரண்டு முறை கேட்டார். ஷாயிஸ்தா தரையைப் பார்த்தாள். முதாசிர் ஃபேனைப் பார்த்தான்.

கடைசியாக ஒரு துணி பொம்மையை நீட்டி, பாப்பாவைத் தூங்க வை என்றார் டாக்டர்.

நூர் வாங்கிக்கொண்டாள். அப்பாடா! பொம்மையைப் படுக்க வைத்து, கைக்குட்டையைப் போர்த்தி, தட்டிக்கொடுத்தாள். முதாசிருக்கு உயிர் வந்தது.

பிறகு பொம்மையின் கால்மாட்டுக்கு நகர்ந்தாள். கைக்குட்டையை விலக்கி, உள்ளங்காலில் விரலால் சுண்டினாள். பொம்மையின் மூக்கருகே காதை வைத்துக் கேட்டாள்.

டாக்டரின் பேனா நின்றது.

“இதை யாரு உனக்குச் சொல்லிக்குடுத்தா?”

நூர் முதாசிரைக் காட்டினாள். விரலை அப்படியே திருப்பி ஷாயிஸ்தாவையும் காட்டினாள்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? முதாசிர் கொட்டித் தீர்த்துவிட்டான். இன்குபேட்டரில் இருந்தபோது நூர் அடிக்கடி மூச்சுவிட மறந்துபோவாள். மெஷின் கத்தும். நர்ஸ் அக்கா ஓடிவந்து உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டுவார், மூச்சு வந்துவிடும். எழுபது நாள் அதைப் பார்த்தவன் அவன். வீட்டில் கத்துவதற்கு மெஷின் இல்லையே. அதனால் ஷாயிஸ்தா தூங்கியதும் எழுந்துபோய்ச் சுண்டுவான்.

அவன் குறட்டை விட ஆரம்பித்ததும் ஷாயிஸ்தா எழுந்துபோய்ச் சுண்டியிருக்கிறாள் என்பது இந்த நிமிஷம்தான் அவனுக்குத் தெரிந்தது.

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தூக்கக் கேள்வியின் கீழே போட்டிருந்த கோட்டை அடித்தார். மூச்சுவிட மறப்பதெல்லாம் எப்போதோ போய்விட்டது, குழந்தையைத் தூங்க விடுங்கள் என்றார். பார்த்ததை இவ்வளவு அழகாகச் செய்துகாட்டுகிற மூளைக்கு என்ன குறை என்று கேட்டுவிட்டு, பொம்மைப் பரீட்சைக்கு முழு மதிப்பெண் போட்டார். ஷாயிஸ்தா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது பொம்மையை எடுத்து டாக்டரிடம் கொடுக்க முதாசிர் குனிந்தான். நூர் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

“பாப்பா மூச்சு வுடுது. எழுப்பாத அத்தா.”