செல்லிக்கு நாலு நாள் பட்டினி

“நிஜத்தைச் சொல்லு கோதை, குரங்குகளுக்கு நீதானே சாதம் போடறே?”

சாரங்கபாணி கேட்டதும் மனைவி கோதைநாயகிக்குச் சுருக்கென்றது.

“பெருமாள் சத்தியமா நான் இல்லை, நம்புங்கோ. நாலு நாளா ஒரு பருக்கைகூடப் போடலை.”

வாசலில் நின்ற பிச்சமுத்து தலையைச் சொறிந்தார். குரங்கு பிடிப்பதற்காகத் தெருவார் வையம்பட்டியிலிருந்து வரவழைத்த ஆள்.

“வயிறு காஞ்சாத்தாங்க கூண்டுக்குள்ள வரும். யாரோ தீனி போடுறாங்க. கூண்டுல வெச்ச பழம் அப்படியே கறுத்துக் கெடக்கு.”

“பிடிச்சதைப் பச்சைமலையிலே கொண்டு விட லாரி வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். அதுக்குள்ள ஒண்ணும் விழலைன்னா எல்லாம் ரத்து” என்று சலித்துக்கொண்டார் சாரங்கபாணி.

கல்யாணமாகிக் கோதை ஸ்ரீரங்கம் வந்த நாற்பத்தெட்டாம் வருஷத்தில் இந்தத் தெருவுக்கு மொத்தமே ஆறு குரங்குகள். கொல்லைக்குக் கொல்லை மாமரம், சேவிக்க வருகிறவர்கள் போடும் பழம் என்று ஆறுக்கும் தாராளமாகக் கிடைத்தது. அவளுக்கு மூத்தவள் பிறந்த அதே மாசியில் செல்லியும் குட்டி போட்டது. செல்லி என்பது அவள் வைத்த பெயர். கிணற்றுக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அதுவும் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். என்ன சுகமான நாட்கள்!

பதின்மூன்று வருஷத்தில் ஆறு அறுபதாகிவிட்டது. மரமும் பழமுமா கூடவே குட்டி போடும்? குட்டியின் வாயில் இருப்பதைப் பெரிசு பிடுங்கித் தின்றது. போன மாதம் மதிலோரம் ஒரு குட்டி எலும்பும் தோலுமாகச் செத்துக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளும் சம்மதித்தாள். மலையில் காடு இருக்கிறது, செல்லி வயிறாரத் தின்னும். அதற்காகவே, அது கொல்லைக் கதவைப் பிறாண்டியபோதும் காதைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் அம்மா மண்டபத்துக்குக் காவிரியில் குளிக்கப் போனவள், தென்னந்தோப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அறுபதும் அங்கேதான் இருந்தன. நடுவே கடலை மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு பிச்சமுத்து. அவர் கையிலிருந்தே வாங்கித் தின்றுகொண்டிருந்தது செல்லி.

“அடப்பாவமே, நீங்களா! அங்கே போனாவது நன்னா இருக்கட்டுமேன்னு மனசைக் கல்லாக்கிண்டு நான் பட்டினி போடறேன். நீங்க கெடுக்கறேளே!”

பிச்சமுத்து நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நான் பிடிக்க மாட்டேன்னா வேற ஆளைக் கூப்பிடுவாங்கம்மா. போன வருஷம் உறையூர்ல பிடிச்ச பதினேழை நான்தான் அந்த மலையில விட்டேன். அங்க இருக்கிற குரங்குகளுக்கே தீனி பத்தலை போல. ரெண்டு நாள் கழிச்சுப் போய்ப் பாத்தா, மலைக்கூட்டம் ஒண்ணைக்கூட உயிரோட விட்டு வைக்கலம்மா.”